ஒரு சிப்பம் குறைத்து

முப்பது வருஷமாக எனக்கு எடை போடுகிற வேலை. செஞ்சியில் ஒரு நெல் மண்டி. தட்டும் படிக்கல்லுமாக ஆரம்பித்து இப்போது மின்னணுத் தராசில் வந்து நிற்கிறது. மூட்டை முதுகில் ஏறும்போது லோடுமேன் விடுகிற மூச்சை வைத்தே 75 கிலோவுக்குக் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவேன். 2017 மே மாதம் ஒரு காலையில் அந்தக் கணக்கு தப்பியது. சிங்கவரத்தில், பனைக்குக் கீழே கிடந்த என் அண்ணனின் இரண்டு கால்களையும் பிடித்துத் தூக்கினேன். இதென்ன இப்படிக் கனக்கிறது என்று இருந்தது. தன்னைத் தானே தாங்காத கால் அப்படித்தான் கனக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் அதே மண்டியில் லோடுமேன். மரமேறி அல்ல. ஆனால் தளை போட்டு ஏறத் தெரியும், நுங்குக் காலத்தில் யார் கேட்டாலும் மறுக்க மாட்டார். அன்றைக்குக் காய்ந்த கருக்குமட்டை ஒன்றை நம்பிப் பிடித்திருக்கிறார். மட்டை கையோடு வந்துவிட்டது. இருபது, இருபத்தைந்து அடி இருக்கும். வரப்பில் கழுத்து பட விழுந்தார். நினைவு தப்பவில்லை. "எங்காலு எங்கடா?" என்றார். கால் என் முன்னால் நீட்டிக்கொண்டு கிடந்தது.

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்தார்கள், ஒருவர் இடுப்பைப் பிடித்தார், கால் என்னுடையது. தலையை யாரும் பிடிக்கவில்லை. அது பின்னால் தொங்கிக்கொண்டே வந்தது. 108-க்குச் சொன்னால் வர நேரமாகும் என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டு, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு பறந்தோம். சித்தி மடியில் தலையை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி சோடா புகட்டினாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான்.

கழுத்தெலும்பில் ஐந்தாவதும் ஆறாவதும் விலகி, தண்டுவடம் நசுங்கியிருந்தது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "யாரு தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டார். "நாங்கதான் சார்" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. விழுந்ததில் எவ்வளவு போயிற்று, தூக்கியதில் எவ்வளவு போயிற்று என்று பிரித்து நிறுக்க எந்தத் தராசும் இல்லை.

அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். சில நாள் கழித்து ஒரு டாக்டர் அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊசியால் கால், தொடை என்று குத்திக்கொண்டே வந்தார். கடைசியில் ஆசனவாய்ப் பக்கம் குத்தி, தெரிகிறதா என்றார். "தெரியுது" என்றார் அண்ணன், வெட்கப்பட்டுக்கொண்டு. டாக்டர் முகத்தில் அன்றுதான் ஒரு வெளிச்சம் பார்த்தேன். தண்டுவடத்தின் கடைசி நுனியிலிருந்து சேதி மேலே போகிறதென்றால் கம்பி முழுசாக அறுந்துவிடவில்லை என்று அர்த்தமாம். இன்கம்ப்ளீட் என்று கேஸ் தாளில் எழுதினார். 'முழுசு இல்லை' என்கிற சொல்லைக் கேட்டு ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். அண்ணி அலாரம் வைத்துக்கொண்டு தூங்கினாள். ஒரு ராத்திரி அலாரம் அடித்தும் எழுந்திருக்க முடியாமல் போனதோ என்னவோ, புட்டத்தில் எட்டணா அளவுக்குச் சிவந்து, பத்து நாளில் குழிந்துவிட்டது. அந்தப் படுக்கைப் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. யூரின் டியூப், அதில் ஒரு காய்ச்சல். நடுவில் அண்ணன் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். வாயைத் திறக்கவே மாட்டார். மண்டிக்குப் போகிற வழியில் திருநாதர்குன்று இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண முனிவரின் கல்வெட்டு அந்தப் பாறையில் இருக்கிறது. சின்ன வயதில் ஆடு மேய்த்த பாறை. அந்த நாட்களில் அதைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்காமல் சைக்கிளை மிதிப்பேன்.

அம்மாதான் ஒருநாள் கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பெருமாளை வேண்டிக்கொள்ளச் சொன்னாள். எங்கள் ஊர் ரங்கநாதர் மலைக் குடைவரையில் ஒரே பாறையில் 24 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிறார். தேசிங்கு ராஜா கடைசிச் சண்டைக்கு உத்தரவு கேட்க வந்தபோது, போகாதே என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்வார்கள். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "அவரு மூஞ்சியாவது திருப்புனாரு. எனக்கு அதுக்கும் காலர் மாட்டி வச்சிட்டானுங்க." விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கை அது. அன்று ராத்திரி சாப்பிட்டார்.

இதற்குள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எண்ணெய்க் கட்டு, மை வைத்தல், எல்லாம் நடந்தது. அதைவிட ஆபத்தாக வந்தது ஒரு தரகர் கொண்டுவந்த செய்தி. நகரத்தில் ஒரு இடம், ரோபோ காலை மாட்டி நடத்திவிடுவார்கள், ஆறு மாதத்தில் ஆள் எழுந்து நடப்பார். போனில் வீடியோவும் காட்டினார். சுவிட்சர்லாந்தில் உருவான லோகோமாட் என்ற அந்தக் கருவி உண்மைதான். பொய்யாக இருந்தது 'நடத்திவிடும்' என்ற சொல். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் அறுபது சென்ட் நிலத்தை விற்றாலும் பாதிதான் தேறும். ஆனாலும் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டேன். குற்ற உணர்ச்சி இருக்கிறவனிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

பத்திரம் மறுபடி பெட்டிக்குள் போனதற்குக் காரணம், மண்டிக்கு வரும் ஒரு வியாபாரி. முதலில் வேலூருக்குப் போய்க் காட்டு என்றார். சேத்துப்பட்டு, ஆரணி வழியாகப் போனோம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்த டாக்டர் மேரி வர்கீஸும் நடக்க முடியாதவர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே எல்லாம் போய், பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்புறம் அந்தம்மா நடந்தாங்களா?" நடக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கே உடனே யாரும் நிற்கவைத்துவிடவில்லை. முதலில் சாய்கிற மேசையில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். பாதி நிமிர்வதற்குள் பிரஷர் இறங்கிக் கண் செருகிவிடும். வயிற்றில் பட்டை, காலில் இறுக்கமான உறை, மறுபடி மேசை. பல மாதம் படுத்திருந்தவனுக்கு நிமிர்வதே ஒரு மலையேற்றம்.

பிறகு அந்த நாள். ஒரு ட்ரெட்மில். அதன் மேலே இரும்புச் சட்டம், சட்டத்திலிருந்து தொங்கும் கொக்கி. அண்ணனுக்கு மார்பையும் இடுப்பையும் சுற்றி ஒரு கனத்த உறை போட்டு, தொடைகளுக்கு நடுவே இரண்டு பட்டை கொடுத்து, தோள்மேல் வாரைக் கொக்கியில் மாட்டினார்கள். பட்டனை அமுக்கினால் வார் மேலே ஏறுகிறது. சக்கர நாற்காலியிலிருந்து ஆள் அப்படியே எழும்பினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாடா இது, புள்ளைய தூளியில போட்ட மாதிரி!"

என் கண் போனது எடை காட்டும் அளவைக்கு. அப்போது அண்ணன் 62 கிலோ. மூட்டை சுமந்த காலத்தில் 70-க்குக் குறையாதவர். பிசியோ தம்பி, "நாப்பது சதவீதத்த மேல எடுத்துக்கிறேன்" என்றார். 24.8 கிலோ. எனக்கு அது உடனே புரிந்தது, ஒரு அரிசிச் சிப்பம். அண்ணன் தலையில் இருந்த ஒரு சிப்பத்தை அந்தச் சட்டம் வாங்கிக்கொண்டது. மிச்சத்தை அவர் கால் சுமக்க வேண்டும்.

பெல்ட் நகர ஆரம்பித்தது. மணிக்கு அரை கிலோமீட்டர் இருக்கும், எருமை நடையைவிட மெது. பிசியோ தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைப் பிடித்தார், இன்னொரு பெண் இடது காலை, பின்னால் ஒருவர் இடுப்பை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அந்தத் தம்பியின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதம் தரையில் ஊன்றும்போது முட்டிக்குக் கீழே முன்பக்கம் அழுத்துகிறார், முட்டி நிமிர்கிறது. பாதம் பின்னால் போய் எழும்பும் நேரத்தில் கை சட்டென்று முட்டிக்குப் பின்பக்கம் மாறுகிறது, முட்டி மடங்குகிறது. குதிகால்தான் முதலில் பட வேண்டும். கை மாறுவது கண்ணிமைக்கிற நேரம் பிந்தினாலும் கால் குழம்பி, விரல் பெல்ட்டில் இழுபட்டது. "தப்பான நேரத்துல தொட்டா, தொடாம இருக்கறதே மேல்" என்றார் அவர். பத்து நாள் கழித்து அந்த ஸ்டூலில் என்னை உட்காரவைத்தார். அண்ணன் காலைப் பிடிக்க எனக்குக் கை நடுங்கியது. ஏன் என்று அவருக்குத் தெரியாது.

காலை ஏன் இப்படிப் பிடித்து அசைக்க வேண்டும் என்று தம்பியிடம் டீக்கடையில் கேட்டேன். அவர் பூனையிலிருந்து ஆரம்பித்தார். மூளையின் தொடர்பு அறுந்த பூனையின் தண்டுவடமே கால்களை மாற்றி மாற்றி அசைக்கும் என்று 1911-லேயே கிரஹாம் பிரௌன் என்பவர் காட்டியிருக்கிறார். 1987-இல் கனடாவின் மாண்ட்ரியாலில் பார்போவும் ரோசிஞோலும், தண்டுவடம் அறுந்த பூனைகளை எடை தாங்கி ட்ரெட்மில்லில் பழக்கிப் பழக்கி மறுபடி அடி வைக்கவைத்தார்கள். நடை முழுக்க மூளையில் மட்டும் இல்லை, பாதி முதுகில் எழுதிவைத்திருக்கிறது என்றார். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "பொறந்த புள்ளைய கக்கத்துல புடிச்சு தரையில பாதம் படுற மாதிரி நிறுத்துனா எட்டு வைக்குமே, அதா?" என்றாள். அதேதான் என்றார் தம்பி. ரெண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். பூனையைவிட மனிதனுக்கு மூளையின் துணை அதிகம் வேண்டும். அதனால்தான் அண்ணனுக்கு அந்த ஊசிக்குத்து தெரிந்தது அவ்வளவு பெரிய விஷயம். மேலிருந்து ஒரு நூலாவது இறங்கி வர வேண்டும்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மூன்றாவது வாரம் தொடைப் பட்டை உரசித் தோல் வழன்றுவிட்டது. உணர்ச்சி மங்கிய இடம், அண்ணனுக்கு வலிக்கவே இல்லை. ராத்திரி துணி மாற்றும்போது அண்ணிதான் பார்த்தாள். ஐந்து நாள் பயிற்சி நின்றது. அதற்குப் பிறகு தினமும் கைக்கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்ப்பது எங்கள் வழக்கமானது.

ஒரு நாள் அந்த ரோபோ கதையைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன், நிலப் பத்திரத்தையும் சேர்த்து. அவர் கேலி செய்யவில்லை. இங்கேயே நடந்து 2015-இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னார். அண்ணனைப்போலவே கழுத்தில் அடிபட்டு, முழுசாக அறுந்துபோகாத 16 பேர். ஒரு குழுவை எடை தாங்கி ட்ரெட்மில்லில் நடத்தினார்கள். இன்னொரு குழுவை எடை தாங்கி வெறும் தரையில். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள், எட்டு வாரம். முடிவில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினாறு பேர் சின்னக் கணக்குதான். மண்டியில் ஒரு லாரி நெல்லுக்குப் பதினாறு மணியைக் கடித்துப் பார்ப்பது மாதிரி. ஆனால் வெளியூர்களின் பெரிய கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. முதலில், 1998-இல் மாண்ட்ரியாலில் பக்கவாதம் வந்த 100 பேரிடம், எடையைத் தாங்கிப் பழக்கியவர்கள், முழு எடையோடு நடந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அப்போதிருந்து இந்த முறைக்கு மவுசு. ஆனால் 2011-இல் அமெரிக்காவில் பக்கவாதம் வந்த 408 பேரை எடுத்தார்கள். சிலருக்கு வார்ப்பட்டையும் ட்ரெட்மில்லும். மற்றவர்களுக்கு வீட்டிலேயே பிசியோ வந்து சொல்லித்தரும் பலப் பயிற்சி, நிலைப்பயிற்சி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி உயர்ந்திருந்தது, எந்தக் குழுவும் மற்றதை முந்தவில்லை.

இதைக் கேட்டு, மெஷின் வீண் என்று நினைத்துவிடக்கூடாது. முதல் மாதத்தில் அண்ணனை வேறு எதிலும் நிறுத்தியிருக்க முடியாது. விழமாட்டோம் என்ற தைரியத்தை அந்தக் கொக்கிதான் கொடுத்தது. பிடிப்பவர்களின் முதுகையும் அதுதான் காப்பாற்றியது. நான் சொல்வது, எடையை யார் தாங்குகிறார்கள் என்பது இரண்டாம்பட்சம். இரும்புச் சட்டம் தாங்கலாம், மூங்கில் தாங்கலாம், தம்பி தாங்கலாம். கால் தன் பங்கைத் தினமும் சுமந்தாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பும்போது அளவை 20 சதவீதத்தில் நின்றது. அதாவது அரைச் சிப்பம். ஊரில் கொக்கிக்கு எங்கே போவது? மெக்கானிக் ஷெட்டிலிருந்து செயின் பிளாக் வாங்கி வேப்பங்கிளையில் மாட்டலாம் என்று யோசித்து, தம்பிக்கு போன் போட்டேன். "மூட்டை இல்லண்ணா, மனுஷன். கிளை முறிஞ்சா மறுபடி கழுத்து" என்று கோபித்துக்கொண்டார். பதிலாக அவர் சொன்னபடி, வாசலில் சவுக்குக் கழி நட்டோம். இடுப்பு உயரம், பன்னிரண்டு அடி நீளம், இரண்டு பக்கமும். பந்தல்காரர் ஒருவர் இரண்டடி ஆழம் தோண்டி இறுக்கிக் கொடுத்து, காசு வாங்காமல் போனார். தையல்காரரிடம் தார்ப்பாய்ப் பட்டையில் கைப்பிடி வைத்த இடுப்பு பெல்ட் ஒன்று தைத்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணன் மகன், பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அண்ணி.

என் தொழில் அங்கேதான் கைகொடுத்தது. பெல்ட்டின் கைப்பிடி கையை இழுக்கிற இழுப்பில் எனக்குக் கிலோ தெரிந்தது. முதல் நாள் என் பக்கம் ஆறு, பையன் பக்கம் ஆறு. தினமும் கடைசியில் சத்தமாகச் சொல்வேன், அண்ணி சுவரில் கரியால் எழுதுவாள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று. காய்ச்சல் வந்த வாரம் பதினைந்து. "எடையில கை வைக்காதடா" என்று அண்ணன் சந்தேகப்படுவார், மண்டியில் விவசாயி கேட்பது மாதிரியே. ஒருநாள் நான்கு என்றேன். அன்றைக்குப் பொய் சொன்னேன். ஐந்து இருந்தது.

அந்தச் சுவர் கணக்கு 2019 பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது போய்விட்டது. அப்போதைக்கு என் கையில் ஒன்றும் இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு கொரோனா, ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே முடியாத இரண்டு வருஷம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிறகு எங்கள் தெருவுக்கும் வந்தது. வீட்டுக்கே பிசியோ வந்தார். சவுக்குக் கழியைப் பார்த்துவிட்டு, "இத யாரு சொன்னது?" என்று கேட்டார். இந்த முறை "நாங்கதான்" என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

இப்போது அண்ணன் வாக்கர் வைத்து வீட்டுக்குள்ளும் தெருமுனை வரையும் நடக்கிறார். மண்டிக்குச் சக்கர நாற்காலியில் வருகிறார், துண்டுச்சீட்டு எழுதுகிறார். விரல்கள் முழுசாக மடங்காததால் பேனாவை ரப்பர் குழாயில் செருகிப் பிடிக்கிறார். பழைய நடை வரவில்லை, இனி வராது என்று அவருக்கே தெரியும். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, கூட்டத்தைப் பார்க்க அடிவாரம் வரை கூட்டிப்போனோம். ராஜகிரியை அண்ணாந்து பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பினோம். பெருமாள் கோயில் படியையும் அவர் இன்னும் ஏறவில்லை. பட்டாச்சாரியார்தான் தீர்த்தமும் துளசியும் கொடுத்தனுப்புகிறார். சவுக்குக் கழி கரையான் அரித்து மூன்று தடவை மாற்றிவிட்டோம்.

சித்திரை வந்தால் மறுபடி நுங்கு. மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ யாராவது விழுந்து, கழுத்து வலிக்கிறது, கால் தெரியவில்லை என்று சொன்னால், தயவு செய்து தூக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். ஒருவர் 108-க்குச் சொல்லட்டும். ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை இரண்டு கையாலும் இருக்கிறபடியே அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். வண்டியில் வருகிறவர்கள் பலகையோடும் காலரோடும் வருவார்கள், தூக்குவது அவர்கள் வேலை. காலைப் பிடிக்க ஓடாதீர்கள். நான் ஓடினேன்.